ப்ரூஃப் காசின் வெண்மை: அச்சில் கிடைப்பது, வீட்டில் தொலைவது

பிஎஃப் 67, அதாவது ப்ரூஃப் வகையில் 70க்கு 67 தரம், என்று எண் போட்ட இரண்டு காசுகள். ஒரே ஆண்டு, ஒரே வடிவம், ஒரே உலோகம். ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிப்புதான் காரணம்: கேமியோ, அல்லது அல்ட்ரா கேமியோ. பளபளக்கும் தளத்தின் மேல் உருவம் எவ்வளவு வெண்மையாகப் பிரிந்து தெரிகிறது என்பதைச் சொல்வது அது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் காசு சேர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். அந்தக் குறிப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? சில காசுகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பல காசுகளுக்குத் தேவையே இல்லை. எதற்குக் கொடுப்பது, எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க, அந்த வெண்மை காசில் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ப்ரூஃப் என்றால் நல்ல நிலையில் உள்ள காசு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு செய்முறை. காசாக அடிபடப் போகும் உலோக வில்லையை முதலிலேயே மெருகேற்றுவார்கள். வில்லையின் மேல் அடித்து உருவத்தைப் பதிக்கும் அச்சின் வெற்றுப் பரப்பையும் கண்ணாடி போல் ஆகும் வரை தேய்ப்பார்கள். புழக்கத்துக்கான காசு ஒரே அடியில் விழுந்து பையில் சேரும். ப்ரூஃப் காசு அதிக அழுத்தத்தில் குறைந்தது இரண்டு அடி வாங்கும். பிறகு அதைத் தனியாகக் கையில் எடுத்து உறையில் வைப்பார்கள். இப்படிப் பிறந்த காசு யாரோ ஒருவர் சட்டைப் பையில் பல வருடம் கிடந்து தேய்ந்தாலும் ப்ரூஃப் காசுதான். தரமிடும் நிறுவனங்கள் அதற்கு 60க்குக் கீழே ஓர் எண்ணைப் போடும், அவ்வளவுதான்.

அந்தக் காசை உற்றுப் பார்த்தால் இரண்டு வகைப் பரப்பு தெரியும். படமும் எழுத்தும் இல்லாத தளம் ஒன்று, அதிலிருந்து மேலெழுந்து நிற்கும் உருவம் இன்னொன்று. தளம் வழக்கமாகப் பளபளக்கும். உருவம் சில காசுகளில் தளம் மாதிரியே பளபளக்கும், சிலவற்றில் மங்கலான தூய வெள்ளையாக இருக்கும். இந்த வெண்மையைத்தான் ஃப்ராஸ்ட் என்கிறோம். இது பூச்சும் இல்லை, முலாமும் இல்லை. உருவத்தின் மேற்பரப்பு முழுக்க வெறும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். வழவழப்பான தளத்தில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பிப் போகிறது. மேடுபள்ளத்தில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. புது எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிய இடத்தைப் பார்த்திருப்பீர்கள். குடத்தை இருட்டான பக்கம் திருப்பினால் பெயர் வெளிறித் தெரியும், ஜன்னல் பக்கம் திருப்பினால் பெயர் மங்கிக் குடம் மின்னும்.

காசிலும் இதே கணக்குதான். கரும் தளமும் வெள்ளை உருவமுமாக விற்பனைப் படங்களில் பார்க்கிறோமே, அது தளம் எதிரே இருக்கும் இருட்டைக் காட்டும் கோணத்தில் எடுத்த படம். விளக்கை ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி பிடித்தால், சுமாரான காசுகூடப் படத்தில் அல்ட்ரா கேமியோ மாதிரி தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தை மட்டும் நம்பி இந்தக் குறிப்புக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. காசைச் சாய்த்துத் திருப்பும் வீடியோ கேளுங்கள். நேரில் பார்க்க முடிந்தால் அதுவே மேல்.

சரி, இந்த மேடுபள்ளம் எங்கிருந்து வருகிறது? காசில் மேடாக இருப்பது அச்சில் குழியாக இருக்கும். 1950களில் அமெரிக்க நாணயச் சாலையில் புது அச்சு முழுவதையும் நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த மென்கரைசலில் முக்கிச் சொரசொரப்பாக்கினார்கள். அப்புறம் வெற்றுப் பரப்பை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். தேய்க்கும் கருவி குழிக்குள் போகாது. எனவே குழியில் சொரசொரப்பு அப்படியே தங்கும். அந்த அச்சு அடிக்கும் காசின் உருவத்தில் அது வெண்மையாக இறங்கும்.

தங்குவது கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு அடியிலும் உலோகம் அந்தக் குழிக்குள் பிதுங்கிப் பாய்கிறது. பாயும் உலோகமே குழியின் சொரசொரப்பைத் தேய்த்து விடுகிறது. அச்சின் முதல் சில டஜன் காசுகளில் ஃப்ராஸ்ட் அடர்த்தியாக விழும். அடுத்து வருபவற்றில் மெலியும். அதற்கும் பின்னால் உருவமும் தளமும் ஒரே பளபளப்பாகிவிடும். அப்போது யாரும் அச்சை எடுத்துப் போட மாட்டார்கள். தளம் நன்றாக இருக்கிறதே, அடித்துக்கொண்டே போவார்கள். அன்றைய வாடிக்கையாளர்கள் ஃப்ராஸ்டுக்கென்று தனியாக விலை கொடுத்ததும் இல்லை. இப்படி ஒரே அச்சு ஒரே வேலைக்குள் மூன்று வகைக் காசுகளைக் கொடுத்துவிட்டுப் போனது. 1950 முதல் 1963 வரை ப்ரூஃபாக வந்த ஃபிராங்க்ளின் அரை டாலரைத் தேடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாதாரண ப்ரூஃப் சுலபமாகக் கிடைக்கும், இரண்டு பக்கமும் அடர்ந்த ஃப்ராஸ்ட் உள்ளது சிக்குவது அரிது.

இரண்டு பக்கமும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலைப்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு இன்னோர் அச்சு. இரண்டும் ஒரே நாளில் தேய்வதில்லை, ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. தலைப்பக்க அச்சு புதிதாகவும் பின்பக்க அச்சு பழையதாகவும் இருந்த நாளில் அடித்த காசு ஒரு பக்கம் வெள்ளையாகவும் மறுபக்கம் வெறும் பளபளப்பாகவும் இருக்கும். காசைக் கையில் வைத்து இரு பக்கத்தையும் ஒப்பிட்டால் அன்றைக்கு எந்த அச்சு எவ்வளவு வேலை பார்த்திருந்தது என்றே ஊகிக்கலாம். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓர் ஆலையின் ஒரு வேலை நாள் அந்தச் சின்ன வட்டத்தில் பதிந்திருக்கிறது.

1965 முதல் 1967 வரை அமெரிக்கா ப்ரூஃப் அடிப்பதையே நிறுத்தியது. 1968இல் மறுபடி தொடங்கியபோது வேலை பிலடெல்பியாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1970களின் தொடக்கத்தில் அச்சுகளுக்குக் குரோமியம் முலாம் பூச ஆரம்பித்தார்கள். கடினமான அந்த மேல்படலம் சொரசொரப்பைக் காப்பாற்றியது. முதல் காசுக்கும் கடைசிக் காசுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. பிறகு லேசரும் வந்தது. லேசரில் ஒரே உருவத்துக்குள் இங்கே அடர்த்தி, அங்கே மெல்லியது என்று விருப்பப்படி வெண்மையைப் பிரித்துக் கொடுக்கலாம். கடந்த சில பத்தாண்டுகளில் பெரிய நாணயச் சாலைகள் அடித்த ப்ரூஃப் காசுகளில் ஏறக்குறைய எல்லாமே தளத்துக்கும் உருவத்துக்கும் இடையே உச்ச கட்ட வேறுபாட்டோடு, அதாவது கான்ட்ராஸ்ட்டோடுதான் வருகின்றன.

எல்லா ப்ரூஃப் காசையும் இந்த அளவுகோலில் வைக்கவும் முடியாது. 1902இல் ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுக்காகப் பிரிட்டன் வெளியிட்ட ப்ரூஃப் செட்டில் காசு முழுவதுமே மங்கல், தளத்துக்கும் உருவத்துக்கும் வேறுபாடே கிடையாது. 2006இல் அமெரிக்க ஈகிள் காசின் இருபதாம் ஆண்டுக்கு வந்த ரிவர்ஸ் ப்ரூஃபில் தளம் வெள்ளை, உருவம் பளபளப்பு. இவற்றைக் கேமியோ இல்லை என்று ஒதுக்குவது தவறு. அவற்றின் அமைப்பே வேறு.

இப்போது தரமிடும் மேசைக்கு வருவோம். 1 முதல் 70 வரையிலான அளவுகோல் 1949இல் வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்க சென்ட் காசுகளுக்காக உருவாக்கியது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று இரண்டு தரமிடும் நிறுவனங்கள் தொடங்கி, அதே அளவுகோலை எல்லாக் காசுக்கும் பரப்பின. தேயாத ப்ரூஃபுக்கு 60 முதல் 70 வரை. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியாவிட்டால் 70. இந்த எண் காசு பிறந்த பின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது: கீறல், உரசல், கறை, விரல் ரேகை.

கான்ட்ராஸ்ட் அந்த எண்ணில் சேராது, பக்கத்தில் தனியாக நிற்கும். வேறுபாடு போதாவிட்டால் எண் மட்டும். வேறுபாடு தெளிவாக இருந்தால் கேமியோ. அடர்ந்து, விட்டுப்போகாமல் இருந்தால் பிசிஜிஎஸ் டீப் கேமியோ என்கிறது, என்ஜிசி அல்ட்ரா கேமியோ என்கிறது. 69 எண் வாங்கிய காசுக்குக் கேமியோ இல்லாமல் இருக்கலாம். கீறல் விழுந்து 63க்கு இறங்கிய காசுக்கு டீப் கேமியோ இருக்கலாம். பலவீனமான பக்கம்தான் முடிவைச் சொல்லும். தலைப்பக்கம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் பின்பக்கம் சாதாரணமாக இருந்தால் கேமியோ கிடைக்காது. அப்படி ஒரு பக்கம் மட்டும் அழகாக அமைந்த காசுக்கு என்ஜிசி சில சமயம் எண்ணோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்க்கும்.

இரண்டும் தனித்தனி என்றாலும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. ஃப்ராஸ்ட் மேல் ஏதாவது உரசினால் அந்த மேடுபள்ளம் நசுங்கி வழவழப்பாகும். வெள்ளைக் கன்னத்தில் ஒரு மினுக்குப் புள்ளியாக அது கண்ணில் குத்தும். முகமுள்ள காசில் கன்னம், நெற்றி முடி. விலங்குள்ள காசில் தோள், முதுகு. மேடான இடம்தான் முதலில் அடிபடும். பளபளக்கும் தளத்தில் உரசினால் மயிரிழைக் கீறல்கள், விளக்கை ஒரு கோணத்தில் காட்டினால் மட்டும் சாம்பல் நிறத்தில் எழும். இரண்டிலுமே எண் குறையும்.

ஆனால் வெள்ளையில் மினுக்குப் புள்ளி கண்டவுடன் உரசல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அச்சு தேய்ந்ததால் ஃப்ராஸ்ட் விட்டுப்போயிருக்கலாம், அச்சுக் குழியில் எண்ணெயோ தூசோ அடைத்திருந்ததாலும் இருக்கலாம். லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். உரசலுக்கு ஒரு திசையும் ஓர் ஓரமும் இருக்கும். அச்சுத் தேய்வு படிப்படியாக மங்கிக் கரையும். உரசல் எண்ணைக் கெடுக்கும். அச்சுத் தேய்வு எண்ணை அவ்வளவாகத் தொடாது, டீப் கேமியோவைக் கேமியோவாக இறக்கும், சில சமயம் அதையும் பறித்துவிடும். தரமிட அனுப்பிய காசு எதிர்பார்த்த குறிப்போடு திரும்பாததற்குப் பல சமயம் இந்தச் சின்ன இடைவெளிதான் காரணம்.

இதுவரை சொன்னது நாணயச் சாலையில் நடப்பது. இனிச் சொல்லப் போவது நம் ஊரில், நம் வீட்டில் நடப்பது. ஃப்ராஸ்டை அச்சு மட்டுமே கொடுக்க முடியும். வெளியே வந்த பிறகு அதைக் கூட்ட எந்த வழியும் இல்லை, குறைக்கத்தான் ஆயிரம் வழி.

வெள்ளிக்குப் பகை கந்தகம். காற்றில் மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் வெள்ளியின் மேல் சல்ஃபைடு படலம் வளரும்: முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. மெல்லிய படலத்தைத் தரமிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தடித்துவிட்டால் வெள்ளை உருவம் மங்கும், தளத்தின் ஆழமும் போகும், வேறுபாடு குறைந்து கேமியோ என்ற குறிப்பே கிடைக்காமல் போகும். தோட்டப்புறங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் காற்றில்லாமல் நொதிக்கும்போது வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்திருக்கிறது. காற்று திரும்பும் நாளில் வீசும் அந்த அழுகல் வாடையை லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் உண்டு, ரப்பரைப் பதப்படுத்தவே அதைச் சேர்க்கிறார்கள். காசுப் பெட்டியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது சீக்கிரம் கசிந்து, காசின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும்.

இதைவிட வருத்தம் தருவது அன்போடு செய்யும் கெடுதல். வெள்ளிக் காசு வீட்டுக்கு வந்தால் சாமி மாடத்துக்குப் போகும். சந்தனமும் குங்குமமும் வைப்போம், கற்பூரம் காட்டுவோம். கறுத்துப்போனால் குத்துவிளக்கைத் துலக்குவது போலத் திருநீறு போட்டோ புளி போட்டோ தேய்ப்போம், அல்லது நகைக்கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டு வாங்குவோம். வழிபாட்டுக்கு வைத்த காசு அப்படியே இருக்கட்டும், அதில் தவறே இல்லை. சேகரிப்புக்கு வாங்கிய ப்ரூஃப் காசுக்கு மட்டும் இது ஆகாது. திருநீற்றின் துகள் தளத்தில் நூற்றுக்கணக்கான மயிரிழைகளை இழுக்கும். அதே தேய்ப்பு உருவத்தின் மேடுபள்ளத்தைச் சமமாக்கி வெண்மையைப் பளபளப்பாக மாற்றும். எண்ணும் போயிற்று, கான்ட்ராஸ்ட்டும் போயிற்று. தேய்த்தவர் கண்ணுக்குக் காசு முன்னைவிட மின்னும், அதனால் அவர் திருப்தியாகவே இருப்பார். தரமிடும் நிறுவனமோ எண்ணே போடாமல், சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பும்.

கறையை நீக்கும் கரைசல்கள் கடையில் கிடைக்கின்றன. அவை தேய்க்காமலே சல்ஃபைடை எடுத்துவிடும், ஆனால் கூடவே ஒரு நூலிழை வெள்ளியையும் எடுக்கும். மறுபடி மறுபடி முக்கினால் ஃப்ராஸ்டின் உச்சிகள் மழுங்கி, சாம்பல் பூத்த மாதிரி ஒரு மந்தம் வரும். பிவிசி பிசுக்குக்கு மட்டும் தூய அசிட்டோனில் ஊறவைக்கலாம். அது உலோகத்தைத் தொடுவதில்லை. தேய்க்காமல் எடுத்து அப்படியே உலர விட வேண்டும். மற்றபடி காசைச் சும்மா விடுவதுதான் நல்லது. காற்றுப் புகாத அக்ரிலிக் உறை, சிலிக்கா ஜெல் பொட்டலம், மூடிய டப்பா, இவை போதும்.

நம் நாட்டுக் காசுகளுக்கு வருவோம். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் பத்தாம் ஆண்டை ஒட்டி 1969இல் துங்கு அப்துல் ரஹ்மான் உருவத்தோடு 1 வெள்ளி (ரிங்கிட்) நினைவுக் காசு வெளியிட்டது. 1976இல் வனவிலங்குப் பாதுகாப்பு வரிசையில் செலாடாங் என்ற காட்டுமாடு பொறித்த 15 வெள்ளியும் இருவாட்சிப் பறவை பொறித்த 25 வெள்ளியும் வந்தன. இரண்டும் வெள்ளி உலோகத்தில் அடித்த காசுகள். அந்தக் காலத்து ப்ரூஃப் காசுகளில்தான் கான்ட்ராஸ்ட் காசுக்குக் காசு மாறும், தேடிப் பார்ப்பதற்கும் அர்த்தம் இருக்கும். அண்மைக் காலத்தில் பேங்க் நெகாரா பல நினைவுக் காசுகளைத் தங்க ப்ரூஃப், வெள்ளி ப்ரூஃப், நார்டிக் கோல்ட் என்று மூன்று வகையாக வெளியிட்டிருக்கிறது. நார்டிக் கோல்டில் தங்கம் துளியும் இல்லை. 89 சதவீதம் செம்பு, மீதி அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். அந்த வகை பெரும்பாலும் ப்ரூஃபாக அடிபடுவதில்லை, எனவே அதற்குக் கேமியோ பேச்சே வராது. விற்கிறவர் அதைக் கேமியோ என்று சொன்னால் அங்கேயே பேரத்தை நிறுத்திவிடலாம்.

புதிய வெள்ளி ப்ரூஃபின் ஸ்லாபில், அதாவது தரமிட்ட காசை மூடி வைத்த பிளாஸ்டிக் உறையில், அல்ட்ரா கேமியோ என்று இருந்தால் அது உண்மைதான். அந்த வரிசையில் வந்த மற்றக் காசுகளும் அநேகமாக அதே குறிப்போடுதான் இருக்கும். எல்லாருக்கும் உள்ள ஒன்றுக்குத் தனி விலை ஏன்? புதிய காசில் பார்க்க வேண்டியது எண் மட்டுமே. 69க்கும் 70க்கும் நடுவிலுள்ள விலை இடைவெளியை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் பணப்பை. என்னைக் கேட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாத ஒரு வித்தியாசத்துக்கு இரு மடங்கு கொடுக்க மாட்டேன். பழைய காசில் இது தலைகீழ். 1970களுக்கு முந்தைய ஒரு ப்ரூஃப் 65 எண்ணோடு அடர்ந்த ஃப்ராஸ்ட் கொண்டிருந்தால், ஃப்ராஸ்ட் இல்லாத 67ஐ விட அதைத்தான் நான் எடுப்பேன். அச்சின் முதல் சில டஜன் அடிகளில் ஒன்று அது. இனி ஒருவராலும் அதைச் செய்ய முடியாது.

கோலாலம்பூர் போகும்போது சசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். காசு அசையாது, நீங்கள் நகர்ந்து நகர்ந்து பார்க்கலாம். தளம் கறுத்து உருவம் வெளுக்கும் கோணம் எது, இரண்டும் ஒன்றாகும் கோணம் எது என்று கண் பழகிவிடும்.

வீட்டில் பழைய ப்ரூஃப் இருந்து, தரமிட அனுப்பலாமா என்று யோசித்தால், அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முதலில் பின்பக்கம். எல்லாரும் முகத்தைப் பார்த்தே மயங்குவதால் தவறவிடுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான். எழுத்துகளின் மேலும் வெண்மை இருக்கிறதா, பாதி உருவத்தில் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். விளக்கு நேராக அடிக்கும் கோணத்திலும் வேறுபாடு ஓரளவு தங்கினால் அனுப்பலாம். பின்பக்கம் வெறும் பளபளப்பாக இருந்தால், அந்தக் கட்டணத்தில் நல்ல அக்ரிலிக் உறைகள் நாலைந்து வாங்கிவிடலாம்.